என்னிடம் ஒரே தடவை கேட்டவர்

டீக்குள் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்த ஒரு மனுஷியை நான் பார்த்திருக்கிறேன். கல்வராயன் மலைமேல், நாங்கள் அப்போது இருந்த ஊரின் டீக்கடையில்.

"டீ சூடா இருக்கா?" என்று கேட்டார் அந்தம்மா.

"சூடா இருக்குதும்மா" என்றார் கடைக்காரர்.

"சூடாத்தானே?"

"சூடுதாம்மா."

"நிச்சயமா?"

"அட, ஆவி பறக்குது, பாருங்கம்மா!"

அதற்கப்புறமும் பையிலிருந்து நம்பர் ஓடும் ஒரு கம்பியை எடுத்துத் துடைத்து, டம்ளருக்குள் விட்டு, நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார். கடைக்காரர் அன்றைக்குப் பொழுது சாயும்வரை யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவர் பேரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் என் வாயில் அது சரியாக வராது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். என் பேச்சைத் திருத்தி நல்ல தமிழாக்குவது அவள் வேலை. எங்காவது தப்பிருந்தால் அவளைக் கேளுங்கள்.

நாங்கள் மலைக்காரர்கள் இல்லை. சங்கராபுரத்துப் பக்கம். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. மரவள்ளி பிடுங்கும் வேலைக்கு என்று ஒரு வருஷம் மேலே போனோம். கிழங்கு பிடுங்குவதில் ஒரு பக்குவம் இருக்கிறது. ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் பாதி மண்ணுக்குள் நின்றுவிடும். அதைச் சொல்ல வரவில்லை. அந்த வருஷமே பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடத்தில் என் வீட்டுக்காரிக்குச் சமையல் வேலை கிடைத்தது. மழையோ வெயிலோ நிற்காத வேலை. அவள் வேலையை நம்பி நானும் மேலேயே தங்கிவிட்டேன். அந்த வேலை போனால் எங்களுக்கு மலையிலும் இடமில்லை, கீழேயும் இடமில்லை.

காய்ச்சல் ஆராய்ச்சிக்கென்று அந்தம்மா மலைக்கு வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். காலியாகக் கிடந்த விதைக் குடோனைக் கேட்டு வாங்கி, கழுவிவிட்டு, அதற்குள் வலைக்கூண்டுகளை அடுக்கினார். கூண்டுக்குள் கொசு. வீட்டில் நாம் கொசுவை விரட்ட வேப்பிலையைப் புகைக்கிறோம். இங்கே ஒருத்தர் பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுக் கொசுவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தால் ஊர் சும்மா இருக்குமா? போதாததற்கு ஊராரிடம் ரத்தமும் கேட்டார்.

"ரத்தம் நம்மளது, வயிறு ரொம்பறது கொசுவுக்கு. இதுல நமக்கு இன்னாய்யா லாபம்?" என்றான் ஒருத்தன் டீக்கடையில்.

"வளத்து நம்ம மேலயே வுட்டுட்டுப் போவாங்க, பாத்துக்கினே இரு" என்றான் இன்னொருத்தன்.

கடைக்காரர்தான் சரியான இடத்தில் கை வைத்தார். "அதெல்லாம் வுடுங்கப்பா. காச்சக்காரன வேணாங்கறாங்களே, அது ஏன்? போன மழைக்குக் காச்ச வந்து தேறி, கல்லுமாதிரி சுத்தறவன்தான் வேணுமாம். நோவு பாக்க வந்தவங்க நோவாளிய ஏன் வுட்டுட்டுப் போறாங்க?"

  இத்தனை பேச்சுக்கும் நடுவில், கொசு பிடிக்க ஆள் வேண்டும் என்றபோது நான்தான் போனேன்.

ஊர் ஆஸ்பத்திரி நர்ஸம்மாதான் என்னைக் கூட்டிப் போனார். வழியில் சொன்னார்: "படிக்கத் தெரியாத ஆளாப் பாத்து அனுப்புங்கன்னாங்க, பெரியவரே. எனக்கே ஒருமாதிரியாத்தான் இருந்துச்சி."

எனக்கும் ஒருமாதிரியாகத்தான் இருந்தது. படிக்கத் தெரிந்தவன் வேண்டும் என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தெரியாதவன் வேண்டும் என்று கேட்பவர் எதையோ மறைக்கிறார் என்றுதானே அர்த்தம்?

காலையில் மாட்டுக்கொட்டகை கொட்டகையாகப் போவோம். நடுவில் வலைத்துணி வைத்த ஒரு குழாய். சுவரில் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கொசுமேல் ஒரு முனையை வைத்து, மறுமுனையை வாயில் வைத்து இழுக்க வேண்டும். பலமாக இழுத்தால் காலொடியும். மெல்ல இழுத்தால் பறந்துவிடும். கொதிக்கும் டீயை முதல் மடக்கு உறிஞ்சுவோமே, அந்த அளவுதான். எனக்கு இரண்டே நாளில் வந்துவிட்டது. அந்தம்மாவுக்கு அது கடைசிவரை சரியாக வரவில்லை. இழுத்துக்கொண்டே யோசிப்பார், கொசு போய்விடும். பிடித்ததை முட்டையிட வைத்து, அதன் குஞ்சுகளை வளர்ப்பார். பிறந்ததிலிருந்து யாரையும் கடிக்காத கொசுதான் அவருக்கு வேண்டும்.

"யாரையும் கடிக்கலயே?" என்று கூண்டைப் பார்த்துக் கேட்பார்.

"கூண்டுக்குள்ளயே பொறந்தது, யாரக் கடிக்கும்மா?"

"வலையில ஓட்டை இல்லையே?" என்று விளக்கைப் பிடித்துக்கொண்டு கண் கண்ணாகத் தடவுவார். "மறுபடி ஒருக்கா பாத்துடலாம்." இதுதான் அவர் வாயில் ஓயாமல் வரும் சொல். நர்ஸம்மாவிடம் மூன்று தடவை கேட்பார். கரண்ட்காரரிடம் மூன்று தடவை கேட்பார். பஸ்ஸில் ஏறும்போது "கள்ளக்குறிச்சிதானே?" என்று மூன்றாவது தடவை கேட்டதற்குக் கண்டக்டர், "இல்லன்னா நானே எறங்கிக்கிறேன், நீங்க ஏறுங்கம்மா" என்றார்.

என் வேலையில் கொசு பிடிப்பது பாதிதான். மறுபாதிக்குத்தான் படிக்காதவன் தேவைப்பட்டேன்.

ஐந்து பேரிடம் நர்ஸம்மா ரத்தம் எடுப்பார். ஒவ்வொருத்தர் ரத்தமும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்துக்குப் போகும். அடியில் தோல்போல மெல்லிய ஒரு தாள் இழுத்துக் கட்டியிருக்கும். சுற்றிலும் சுடுதண்ணீர் ஓடும். கீழே டப்பாவில் கொசு. தாள் வழியாகக் குத்திக் குடிக்கும். எந்த டப்பா யாருடையது என்பதற்கு நான் ஒரு படம் போட வேண்டும். பேர் கிடையாது, நம்பர் கிடையாது. ஏணி, சீப்பு, பானை, கொடுவாள், வண்டிச்சக்கரம். எது யார் என்பது என் மண்டைக்குள் மட்டும். அப்போது அந்தம்மா வெளியே போய் நின்றுகொள்வார், நர்ஸம்மா மட்டும் பக்கத்தில் இருந்து ஏதோ எழுதிக்கொண்டிருப்பார். பத்து நாள் கழித்துக் கொசுவை அறுத்து, பூதக்கண்ணாடியில் கிருமி இருக்கிறதா என்று பார்த்து, "ஏணியில இருக்கு, பானையில இல்ல" என்று எழுதிக்கொண்டு, எல்லாம் முடிந்தபிறகுதான் "ஏணி யாரு?" என்று என்னைக் கேட்பார்.

"இத நீங்களே வச்சிக்கினா இன்னாம்மா?" என்றேன் ஒருநாள்.

"யாரோடதுன்னு எனக்குத் தெரிஞ்சா, இருக்கும்னு நினைக்கிற டப்பாவுல அதிக நேரம் தேடுவேன், ஐயா. இருக்கான்னு பாக்காம, இருக்குன்னு பாத்துடுவேன். என் கண்ணை நான் நம்ப மாட்டேன்."

"எழுதி வச்சிக்கலாமே?"

"எழுதின தாள் கண்ணுல பட்டா படிச்சிடுவேன். உங்க தலையைத் திறந்து நான் படிக்க முடியாது இல்லையா?"

தன் கண்ணையே நம்பாத அந்தம்மா என்னிடம் எதையும் ஒரே தடவைதான் கேட்டார். "ஏணி யாரு?" என்பார். நான் சொல்வேன். எழுதுவார். அவ்வளவுதான். டீக்கடைக்காரரிடம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அவர், "அப்ப உன்ன ஏதோ வலைல இழுக்கறாங்க, உஷாரா இரு" என்றார்.

காய்ச்சல் இல்லாதவன் ரத்தம் எதற்கு என்று ஒரு மழைநாளில் நானே கேட்டுவிட்டேன். பூதக்கண்ணாடியில் என்னைப் பார்க்கச் சொன்னார். கொசுவின் குடல், அதன்மேல் ஜவ்வரிசி ஒட்டியதுபோல உருண்டை உருண்டையாக.

"மலேரியாக் கிருமி. மனுஷன் ரத்தத்துல இருந்தப்போ வேற உருவம், வேற வேலை. இங்க வந்ததும் இப்படி ஆயிடுச்சு. ரெண்டும் ஒண்ணுதான்."

"அதே ஆள், சட்டதான் வேறயா?"

அந்தம்மா சிரித்து நான் பார்த்தது ரொம்பக் கம்மி. அன்றைக்குச் சிரித்தார். "அது உடம்புக்குள்ள ஒரு புத்தகம் மாதிரி இருக்கு, ஐயா. ஜீன்னு சொல்லுவாங்க. இந்த இடத்துல இந்தப் பக்கத்தை மட்டும் படி, அந்த இடத்துல அந்தப் பக்கத்தைப் படின்னு ஒரு கட்டுப்பாடு இருக்கு. காய்ச்சல் போனப்புறமும் சில கிருமி ரத்தத்துல சும்மா சுத்திக்கிட்டு இருக்கும். அந்த ஆளுக்கு ஒண்ணும் செய்யாது. கொசு வயித்துல என்ன செய்யணும்னு முன்னாடியே நகல் எடுத்து, மடிச்சுக் கட்டி வச்சிக்கும். ஆனா படிக்காது."

"எப்பப் பிரிக்கும்?"

"கொசு குடிச்சதும். நம்ம உடம்பை விட அங்க சூடு கம்மி. குளிர்ந்ததும், இடம் மாறிட்டோம்னு தெரிஞ்சி கட்டை அவுக்கும். அவுக்கறதுக்கு அது மட்டும் காரணம் இல்ல. கட்டறது எது, அவுக்கறது எது, அதைத்தான் தேடறேன். அதனாலதான் கிண்ணத்தைச் சுத்தி சுடுதண்ணி. வழியில ரத்தம் ஆறிப்போனா முன்னாடியே அவுத்துக்கும். எல்லாம் வீண்."

புரிந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று மனதில் நின்றது: கல்லுமாதிரி சுற்றுகிறவன் ரத்தத்திலும் அது கமுக்கமாகக் குந்திக்கொண்டிருக்கும். போன மழைக்கு எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் சேர்ந்தே காய்ச்சல் வந்தது. அந்த ஐந்து பேரில் நாங்கள் இரண்டு பேர்.

முதல் தடவை ஏணி போட்ட டப்பாவில்தான் கிருமி இருந்தது. ஏணி என் வீட்டுக்காரி.

அதற்கு நாலு நாள் முன்னால்தான் பள்ளிக்கூட விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ஆள் டீக்கடையில் எல்லார் காதிலும் விழும்படி பேசினார்: "கொசு குடோன்ல எவ ரத்தத்துல பூச்சி இருக்குதுன்னு வருதோ, அவ என் அடுப்பாண்ட வரக்கூடாது. பசங்க சாப்புடற சோறு." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் சொன்னார்.

"ஏணி யாரு?" என்றார் அந்தம்மா.

"நாந்தாம்மா" என்றேன்.

எழுதிக்கொண்டார்.

யாருக்கு மாத்திரை என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்த நர்ஸம்மா, அது உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்து, மாத்திரை கொடுத்து, நான் முழுங்குவதை நின்று பார்த்துவிட்டுப் போனார். கசப்பு. வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏன்யா, எனுக்கு இருக்கற நோவுக்கு நீ மாத்திர முழுங்கினியா? அப்ப நாளைக்கு நான் துன்னா நீ ஏப்பம் வுடுவியா?"

"வேல போயிடும்டி."

"கொசு அம்மாவாண்ட நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

"சொன்னா எழுதுவாங்க. எழுதினா விடுதிக்காரன் காதுக்குப் போவும். கம்முனு இரு. உனுக்குத்தான் உடம்புக்கு ஒண்ணும் இல்லியே."

இருந்துவிட்டாள். ஆனால் அன்றையிலிருந்து எனக்குச் சோறு போடும்போது தட்டு கொஞ்சம் சத்தமாகவே தரையில் வந்து உட்கார்ந்தது.

ஒரு மாசம் கழித்து அதே ஐந்து பேர். மாத்திரை வேலை செய்ததா என்று பார்க்க. படம் மட்டும் புதுசு. பழைய படம் மறுபடி போடக்கூடாது என்பது அவர் சட்டம். பத்தாவது நாள் பூதக்கண்ணாடியிலிருந்து தலையைத் தூக்கி, "முறம்" என்றார். "முறத்துல நிறைய இருக்கு. யாரு முறம்?"

முறம் என் வீட்டுக்காரி. மாத்திரை முழுங்காதவள். அவள் பேரைச் சொன்னால் போன மாசப் பொய்யும் சேர்ந்து வெளியே வரும், வேலையும் போகும் என்றுதான் தோன்றியது. நாக்கு பழகின வழியிலேயே போய்விட்டது.

"நாந்தாம்மா."

எழுத வந்த பேனா நின்றது. மாத்திரை தின்ற ஆளின் ரத்தத்தில் மறுபடி கிருமி.  அப்போதும் என்னிடம் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

அன்றையிலிருந்து பத்து நாள் அந்தம்மா பட்ட பாடு இருக்கிறதே. நர்ஸம்மாவிடம் ஓடினார்: "முழுங்கினாரா? தொண்டையில இறங்கினதைப் பார்த்தீங்களா? துப்பலையே?" மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூண்டு வலையைத் தடவினார். சுடுதண்ணீர் மெஷினில் கம்பியை விட்டுவிட்டு, முக்காலி போட்டு எதிரில் உட்கார்ந்தார். கரண்ட் போய் வந்த நேரத்தையெல்லாம் எழுதினார். பழைய கொசுக் குடலை மறுபடி மறுபடி பார்த்தார். ஒருநாள் தன் கையை விளக்குக்கு நேரே நீட்டி, நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொண்டுபோய் வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது. கம்பியை அதில் விடக்கூட இல்லை.

உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். குடோனுக்குள் மூன்று தடவை கேட்கப்படாத ஆள் நான் ஒருத்தன்தான். அவர் என்னை வலையில் இழுக்கிறார் என்று டீக்கடைக்காரர் சொன்னார். நான்தான் அவரை இழுத்துவிட்டிருந்தேன்.

பதினோராம் நாள் மத்தியானம், தூறல். என்னைக் கூப்பிட்டு முக்காலியில் உட்காரச் சொன்னார். மேஜைமேல் இரண்டு இருந்தன. ஒன்று அவர் எழுதிய தாள். இன்னொன்று ஒட்டிய கவர். ரத்தம் எடுக்கும் நாளில் நர்ஸம்மா ஏதோ எழுதி ஒட்டுவார், வந்துபோன கணக்காக்கும் என்று நான் நினைத்திருந்தது.

"இந்தத் தாள் நாளைக்கு மேலிடத்துக்குப் போகுது, ஐயா. இந்த மலையில மாத்திரைக்கு அடங்காத கிருமி இருக்குன்னு எழுதியிருக்கேன். அனுப்பினா பெரிய ஆளுங்க வருவாங்க. வீடு வீடா ரத்தம் எடுப்பாங்க. நான் எழுதினது தப்புன்னா, அப்புறம் என் எழுத்தை யாரும் நம்ப மாட்டாங்க."

தாளை மடித்து ஓரமாக வைத்தார்.

"இந்தக் கவர்ல எந்தப் படம் யாருன்னு நர்ஸம்மா எழுதி வச்சிருக்காங்க. நீங்க மலையில உருண்டு விழுந்துட்டா என்ன பண்றதுன்னு ஒரு பயத்துக்கு. இதுவரை நான் பிரிச்சதில்ல." கவரை என் பக்கம் நகர்த்தினார். "எல்லாத்தையும் பார்த்துட்டேன். இது ஒண்ணுதான் பாக்கி. இதைப் பிரிச்சா உங்களை நம்பலன்னு ஆயிடும். பிரிக்கட்டுமா, வேணாமா?"

ஒரே தடவைதான் கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் தாள் போயிருக்கும். என் வீட்டுக்காரி வேலை தப்பியிருக்கும். அது எனக்குத் தெரியும். அவர் கை மேஜைமேல் இருந்தது. விரல் நகத்தையெல்லாம் கடித்து வைத்திருந்தார். முன்பு கடிக்க மாட்டார்.

"பிரிங்கம்மா" என்றேன். "என்ன நம்பாதீங்க."

பிரித்தார். படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். மெதுவாக மூச்சு விட்டார். மெஷின் தப்பில்லை, கை தப்பில்லை என்ற மூச்சு. அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"ஏன்?"

விடுதிக்காரர் சொன்னது, சமையல், வேலை எல்லாவற்றையும் சொன்னேன்.

"சமைக்கிறதால இது ஒட்டாது, ஐயா. சோத்துல போகாது, கையில போகாது. கொசு வழியா மட்டும்தான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"நீங்களும் சொல்லலியேம்மா."

"ஆமா" என்றார். "ஊர்ல ஆயிரம் கேள்வி கேட்டேன். ஒண்ணும் சொல்லல." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா உங்க வீட்டம்மாவைக் கடிச்ச கொசு அந்தப் பிள்ளைங்களைக் கடிச்சிருந்தா?" என்றார்.

இது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு மாசத்துக்கு மேல் அவள் அங்கே அடுப்படியில் இருந்திருக்கிறாள். பிள்ளைகள் பக்கத்து ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறார்கள். வேலையைக் காப்பாற்றுகிறேன் என்று நான் எதைப் பிடித்து வைத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்தத் தாளை நாலாகக் கிழித்தார். அன்றைக்கே என் வீட்டுக்காரிக்குச் சோதித்து மாத்திரை கொடுத்தார்கள். அவள் முழுங்கிவிட்டு, "பாதி கசப்ப நீயே துன்னுட்ட போல, எனுக்கு அவ்ளோ கசக்கல" என்றாள். விடுதிக்காரரிடம் அந்தம்மாவே போனார். என்ன பேசினாரோ, அதற்கப்புறம் அந்த ஆள் டீக்கடையில் பூச்சிப் பேச்சு எடுக்கவில்லை, என் வீட்டுக்காரி வேலையும் போகவில்லை. பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ரத்தம் பார்த்தார்கள். ஒருத்தருக்கும் இல்லை. மறுபடி பார்த்தார்கள். மூன்றாவது தடவையும் பார்த்தார்கள். இல்லை.

என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. கொசு பிடித்தேன், படம் போட்டேன். "உரல் யாரு?" என்பார். சொல்வேன். "உரல்தானே?" என்பார். சொல்வேன். "நிச்சயமா?" என்பார். அப்புறம் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு எழுதுவார். கோபமே இல்லாமல். டீக்கடைக்காரரிடம் கேட்டதுபோல, கரண்ட்காரரிடம் கேட்டதுபோல.

மழை முடிந்து அவர் கீழே போகும் நாள் வந்தது. பெட்டிகளை நான்தான் பஸ்ஸில் ஏற்றினேன். என் வீட்டுக்காரி புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள். அதை மட்டும் எதுவும் கேட்காமல் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அஞ்சு பெட்டியும் ஏத்தியாச்சா, ஐயா?" என்றார் என்னிடம்.

"ஏத்தியாச்சும்மா."

"அஞ்சும்தானே?"

"அஞ்சும்தாம்மா."

"நிச்சயமா?"

"நிச்சயம்மா."

தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினார். நான் கீழே நின்றேன். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. குனிந்து, ஒவ்வொரு பெட்டியாகக் கை வைத்து எண்ணினார். ஐந்தும் இருந்தன.